கைமருந்து: எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது?

அஞ்சறைப்பெட்டியிலும் கொல்லைப்புறத்திலும் இருக்கும் மருந்துகள் பலவற்றை நோயாளிகளுக்குக் கொடுத்தே ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். சில தேறின, சில தேறவில்லை, சிலவற்றால் கெடுதலும் வந்தது. எந்தக் காய்ச்சலுக்கு எந்த இலை என்று அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதற்குத்தான் ஆய்வின் துணை தேவைப்படுகிறது. வீட்டுக்குப் பயன்படும் சில குறிப்புகள் இதோ.

1. சளி பிடித்த பிள்ளை இரவெல்லாம் இருமினால் படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தேன் கொடுக்கலாம். 2007-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். தேன் சாப்பிட்ட பிள்ளைகள் குறைவாக இருமி நன்றாகத் தூங்கினார்கள். கடையில் விற்கும் இருமல் மருந்து குடித்தவர்களுக்கும் எதுவுமே குடிக்காதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டு முதல் ஐந்து வயது வரை அரைத் தேக்கரண்டி, பதினொன்று வரை ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் இரண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளர்த்தி, மூச்சையே நிறுத்திவிடக் கூடும். பெயர் சூட்டும் நாளில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் வழக்கமுள்ள வீடுகள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

2. ஆடாதோடை நெஞ்சுச்சளிக்கு நல்லது என்பது வெறும் நம்பிக்கை இல்லை. அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாகக் கொண்டுதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். அதன் வழியில் வந்ததே ஆம்ப்ராக்சால். இன்று மருந்துக்கடையில் வாங்கும் சளி சிரப்புகள் பலவற்றின் லேபிளில் இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்கலாம். சிரப் குடித்துக்கொண்டே ஆடாதோடைக் கஷாயமும் வேண்டாம். வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உண்டு என்பதால் கர்ப்பிணிகள் இந்தக் கஷாயத்தைக் குடிக்கவே கூடாது.

3. மசக்கை வாந்திக்குச் சுக்கு. தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்தில் கர்ப்பிணிகள் 70 பேரை வைத்து நடந்த ஆய்வு 2001-ல் வெளியானது. நாளுக்கு ஒரு கிராம் இஞ்சித்தூளை நான்கு வேளையாகப் பிரித்து, நான்கு நாள் கொடுத்தார்கள். குமட்டலும் வாந்தியும் குறைந்தன. ஒரு கிராம் என்பது ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, அதுவும் நாள் முழுமைக்கும் சேர்த்து. குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் குறைந்துவிட்டால் சுக்கோடு நிறுத்தாமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

4. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி. நம் ஊரிலேயே பிறந்து உலகத்தின் கவனத்தைப் பெற்ற ஆய்வு இதைப் பற்றியது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1988-ல் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி.தியாகராஜன் தலைமையிலான குழு ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் அதில் ஒரு கட்டுரையாசிரியர். அந்தக் கிருமி உடலில் நிலையாகத் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். பிறகு ரத்தத்தைப் பரிசோதித்தபோது 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்றுப்பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

இரண்டே ஆண்டில், 1990-ல், தாய்லாந்தில் இதே செடியைச் சோதித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வும் 2011-ல், ஹெபடைடிஸ் பி கிருமிக்கு இந்தச் செடியால் பலன் உண்டு என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றே சொன்னது. சென்னை ஆய்வு மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஊர் மருந்தை உலகம் ஏற்கும் முறையில் சோதிக்கத் துணிந்தவர்கள் அவர்கள். மறுசோதனையில் பலன் கிடைக்காததையும் அதே மரியாதையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அப்படியென்றால் கீழாநெல்லி குடித்துக் காமாலை இறங்கியதாகச் சொல்லும் இத்தனை பேர்? அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் குடித்ததற்கே பெயர் கிடைக்கும். ஆபத்து மற்ற காமாலைகளில்தான். மலம் வெளுத்து உடம்பெல்லாம் அரித்தால் பித்தநாளத்தில் அடைப்பு இருக்கலாம். பேச்சு குழறுவது, பகலில் ஓயாத தூக்கம், ஈறில் ரத்தம் எல்லாம் கல்லீரல் தோற்பதன் அறிகுறிகள். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. எந்தக் காமாலை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு பத்தியம் இருக்கலாம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

5. மஞ்சள் குழம்பில் இருக்கட்டும், மாத்திரையில் வேண்டாம். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ மூன்று சதவீதம்தான். சாப்பிட்டாலும் அது உடலில் அதிகம் சேராது. மிளகிலுள்ள பைப்பெரின் கூடவே சென்றால் ரத்தத்தில் அதன் அளவு இருபது மடங்கு உயர்கிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு 1998-ல் காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகள் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக ஓர் ஆய்வுக்குழு பதிவுசெய்த பத்துப் பேரில் ஒருவர் இறந்தே போனார். சமையலுக்குப் போடும் சிட்டிகை மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்குக்கு நிறமேற்ற ஈயம் கலந்த சாயத்தைப் பூசுவதை 2019-ல் கண்டுபிடித்தார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் மெருகேறிய கிழங்கைத் தவிர்த்து, சற்று மங்கலான விரலி மஞ்சளை வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்வது நல்லது.

6. சர்க்கரை நோய்க்குச் சிறுகுறிஞ்சான், வெந்தயம். சிறுகுறிஞ்சான் இலை ஒன்றை நன்றாக மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டுப் பாருங்கள். இனிப்பே தெரியாது, மணலை வாயில் போட்டது போலிருக்கும். நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை இலைச்சத்து சிறிது நேரம் மறைத்துவிடுகிறது. 1990-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இலையின் சாற்றிலிருந்து எடுத்த மருந்தை நாளுக்கு 400 மில்லிகிராம் என்று, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 22 பேருக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் கொடுத்தார்கள். ஐந்து பேரால் மாத்திரையை நிறுத்த முடிந்தது. மற்ற 17 பேரால் முடியவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சிறிய ஆய்வு இது.

வெந்தயத்தை ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சோதித்தது. அங்கே கொடுத்தது கொழுப்பு நீக்கிய வெந்தயப்பொடி, நாளுக்கு 100 கிராம், இரு வேளை உணவில் கலந்து. நாம் ஊறவைத்து விழுங்குவது ஒரு தேக்கரண்டி, சுமார் நான்கு கிராம். அந்த ஆய்வின் பலனை இந்த ஒரு கரண்டியில் எதிர்பார்க்க முடியாது. நார்ச்சத்துக்காகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம் என்பதால் அளவு பார்த்துக்கொண்டே இருங்கள். இன்சுலினை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

7. மலச்சிக்கலுக்கு இசப்கோல். ஆய்வில் தெளிவாகத் தேறிய பொருள் இது. கெட்ட கொழுப்பையும் ஓரளவு குறைக்கிறது. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் ஒன்றிரண்டு தேக்கரண்டி போட்டு, கலக்கிய உடனே, கூழாகும் முன் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் வெறும் தண்ணீரும் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

8. ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 800-க்கும் மேற்பட்ட சைனஸ் நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2016-ல் வெளியானது. ஆவி பிடித்ததால் பெரிய முன்னேற்றம் இல்லை. உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவியவர்களுக்குச் சற்றுப் பலன் இருந்தது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 250 மில்லிக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போதும். பச்சைத் தண்ணீர் கூடாது, அதிலுள்ள அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அபாயம் உண்டு. நொச்சி இலை போட்ட கொதிபானையைச் சிறு பிள்ளைகள் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளை எல்லா ஊர்த் தீக்காயப் பிரிவுகளிலும் பார்க்கலாம்.

9. சளி வராமலிருக்கத் தினம் மூன்று வேளை வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். ஜப்பானில் 387 பேரிடம் 60 நாள் சோதித்ததில் சளி பிடிப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அயோடின் மருந்தால் கொப்பளித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

10. டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீரைத் தமிழக அரசே வழங்குகிறது. டெங்குக் கிருமியை அது தடுப்பதாக ஆய்வகக் குடுவையில் பார்த்திருக்கிறார்கள். குடுவையில் நடப்பது உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. பப்பாளி இலைச்சாறு கொடுத்தால் தட்டணுக்கள் ஏறுவதாக மலேசியாவில் 2013-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதுதான், தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நாம் மூச்சுவிடும் அந்த ஓரிரு நாளில்தான் அது நடக்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு, சோர்ந்து சுருண்டுகிடப்பது, சிறுநீர் குறைவது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் தொடாதீர்கள். நிலவேம்பு கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

11. பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் சரிதான், அதிலுள்ள யூஜெனால் மரத்துப்போகச் செய்கிறது. பஞ்சில் ஒரு சொட்டு போதும். குழந்தை விழுங்கிவிட்டால் கல்லீரல் பாதிக்கப்படும், எனவே பாட்டிலை உயரத்தில் வையுங்கள்.

12. அதிமதுரத்தைத் தினமும் வாயில் அடக்கிக்கொள்பவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறலாம், உடலில் பொட்டாசியம் இறங்கலாம். தொண்டைக் கரகரப்புக்கு இரண்டொரு நாள் என்றால் பரவாயில்லை. பிரஷர், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

13. கை சுட்டுக்கொண்டால் மஞ்சள், மாவு, பற்பசை எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வைக்காதீர்கள்.

14. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மலேசியாவில் அப்படிக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை 1981-ல் ‘லான்செட்’ இதழில் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். வசம்பு உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம். விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதால் 1968-லேயே அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் தேவையில்லை.

15. சீந்தில் கொடியைக் கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று பலர் மாதக்கணக்கில் குடித்தார்கள். 2020-ல் மும்பையில் அப்படிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். தன்னெதிர்ப்பு வகைத் தைராய்டு நோய் போன்றவை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டையும் யாருமே உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. இந்தக் குடும்பச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்துப் புற்றுநோயையும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 1993-ல் மருத்துவர்கள் பதிவுசெய்த பிறகே இந்த ஆபத்து உலகத்துக்குத் தெரியவந்தது.

16. பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டல மருந்தை வாங்காதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. முட்டிவலி ஒரே நாளில் பறந்துவிட்டால் அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

17. மருத்துவரிடம் போகும்போது குடிக்கும் கஷாயத்தையும் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைப்பவர்களே அதிகம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பூண்டு, இஞ்சி, மஞ்சள் மாத்திரைகள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். அறுவைச் சிகிச்சை என்றால் இரண்டு வாரம் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். பெயர் தெரியாவிட்டால் பொட்டலத்தையே எடுத்துச் செல்லுங்கள். பச்சிலையானால் பூவும் காயுமாக ஒரு கிளையை ஒடித்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள், காய்ந்த பொடியைப் பார்த்து எந்தச் செடி என்று யாராலும் சொல்ல முடியாது.