சார்ஜ் ஏறலையா? இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

"லேப்டாப்ல 80%-க்கு மேல சார்ஜ் ஏற மாட்டேங்குது, புதுசு இஎம்ஐ-ல எடுத்துடவா?" கொஞ்சம் பொறுங்க. முதல்ல செட்டிங்ஸைப் பாருங்க. லெனோவோ, ஆசுஸ் மாதிரி பல லேப்டாப்களில், பேட்டரி ஆயுளைக் காப்பாத்த 60 அல்லது 80 சதவீதத்திலேயே சார்ஜை நிறுத்துற வசதி இருக்கு. அது ஆன்ல இருந்தா ரிப்பேரே கிடையாது.

அடுத்து அடாப்டர். நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். அதுமேல 'அவுட்புட்'னு போட்டிருக்கும்: 20 வோல்ட், 3.25 ஆம்ப். ரெண்டையும் பெருக்குங்க, 65 வாட். (கணக்குப் புத்தி, விடாது!) 65 வாட் கேட்கிற லேப்டாப்ல 20 வாட் போன் சார்ஜரை மாட்டினா மெதுவாத்தான் ஏறும், வேலை பார்க்கும்போது இறங்கவும் செய்யும். அதே வோல்ட், வாட், அதே பின் உள்ள நண்பரோட சார்ஜரை மாட்டிப் பாருங்க. ஏறுச்சுன்னா செலவு அடாப்டரோட முடிஞ்சுது.

அப்பவும் ஏறலைன்னா பில்லைத் தேடுங்க. லேப்டாப்புக்கு 3 வருஷ வாரண்டி இருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் 1 வருஷம்தான். டச்பேட் தூக்கிட்டு நிக்குதா? பேட்டரி உப்பியிருக்கலாம்; சார்ஜரைக் கழட்டி, ஆஃப் பண்ணி, சர்வீஸுக்குக் கொடுங்க. ஆபீஸ் லேப்டாப்னா கை வைக்காம ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்க. வெளிக்கடையில் திறந்துட்டா, அந்தச் செலவு உங்க தலையில விழலாம்.