தராசு சரிதானா? கருவிகளின் அளவுச் சரிபார்ப்பைப் பதிந்து வைத்தல்

பெரும்போக அறுவடைக் காலத்தில் தம்பலகாமத்து வெளிப்பக்கம் போனால் நம் எல்லோருக்கும் பழக்கமான ஒரு காட்சியைக் காணலாம். வயலில் வெட்டும் மெசின் ஓடுகிறது. வீதியோரம் லொறி நிற்கிறது. வீட்டில் 62 கிலோ என்று நிறுத்துக் கட்டிய மூட்டை வியாபாரியின் தராசில் 61 கிலோ காட்டுகிறது. ஈரமானியை நெல்லுக்குள் செருகிப் பார்த்துவிட்டு "ஈரம் கூட" என்கிறார். யாருடைய கருவி சரி? இரு பக்கத்திலும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அப்படியான இடத்தில் வெல்வது தராசு அல்ல. யாருக்குப் பணம் அவசரமில்லையோ அவர்தான்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பணம் எப்போதும் அவசரம். குத்தகைக் காணியில் விதைத்தவர், கடனுக்கு உரம் எடுத்தவர், திரும்பி வந்து பற்றைக்காட்டை வெட்டி வயலாக்கியவர் எவரும் ஒரு கிழமை காத்திருந்து பேரம் பேச முடியாது. எனவே சங்கமாகச் சேர்ந்து ஒரு தராசு, ஓர் ஈரமானி, சில மருந்து தெளிகருவிகள் என்று வைத்திருக்கிறோம். இவை இருந்தால் மட்டும் போதாது. இவை சரியாக அளக்கின்றன என்று காட்டும் எழுத்தும் இருக்க வேண்டும். அந்த எழுத்தை எப்படித் தொடங்குவது, கொப்பியிலிருந்து கணனிக்கு எப்படி மாற்றுவது என்பதே இந்தப் பாடம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பழுதான தராசைத் திருத்துவது ஒன்று. பிழையாகக் காட்டும் தராசை முறுக்கிச் சரியான எண்ணுக்குக் கொண்டுவருவது இன்னொன்று. இவை இரண்டுமே அளவுச் சரிபார்ப்பு அல்ல. நிறை நமக்கு முன்பே தெரிந்த ஒரு படிக்கல்லை வைத்து, தராசு என்ன காட்டுகிறது என்று பார்த்து எழுதுவதே அளவுச் சரிபார்ப்பு. தொழிற்சாலைகளில் இதைக் கலிபிரேஷன் என்பார்கள். நாலாவதாக அரச முத்திரை இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்படி வியாபாரத்துக்குப் பாவிக்கும் நிறுத்தல் அளத்தல் கருவிகள் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். ஆனால் முத்திரை குத்திய நாளில் தராசு சரியாக இருந்தது என்பதைத்தான் முத்திரை சொல்லும். அதன் பிறகு அது லொறியில் குலுங்கியதையோ மழையில் நனைந்ததையோ முத்திரை அறியாது. இடைக்காலத்துக்குப் பொறுப்பு நம்முடைய கொப்பிதான்.

படிக்கல் சரியென்று எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. நமது கல்லைப் பரிசோதகரின் கல்லோடு ஒப்பிடுகிறார்கள். அவருடையதை ஹோமாகமையிலுள்ள திணைக்களத்தின் நியமங்களோடு ஒப்பிடுகிறார்கள். அங்கிருந்து சங்கிலி வெளிநாடு போகிறது. 1889 முதல் 2019 மே 20 வரை உலகத்துக் கிலோக்களுக்கெல்லாம் தாய், பாரிசுக்கு அருகே செவ்ர் என்ற இடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை. அதையும் அதன் பிரதிகளையும் சுமார் நூறு ஆண்டுகளில் ஒரு சில தடவைகளே ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கண்ட எண்ணை எழுதி வைத்தார்கள். தாய்க்கும் பிரதிகளுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் விலகல் வளர்ந்திருப்பதை அந்தப் பழைய பதிவுகளே காட்டிக்கொடுத்தன. ஒரு நெல்மணியின் நிறையில் நூற்றிலொரு பங்குகூட இராத வித்தியாசம் அது. பூட்டிய பெட்டிக்குள் இருந்த உருளைக்கே அப்படியென்றால், நம் களத்து மேட்டில் கிடக்கும் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனித் தராசுக்கு வருவோம். 50 கிராம் படிகளில் காட்டும் ஒரு மின் தராசையும், முத்திரையிட்ட 20 கிலோ படிக்கற்கள் மூன்றையும் உதாரணமாக எடுப்போம். மட்டமான சீமெந்து நிலத்தில் தராசை வைத்து, பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு கல்லைத் தட்டின் நான்கு மூலைகளிலும் மாறி மாறி வையுங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் அடியிலுள்ள கால் ஒன்று ஆடுகிறது, அல்லது தட்டின்கீழ் வைக்கோல் அடைந்திருக்கிறது. பிறகு 20, 40, 60 என்று ஏற்றி, அதே வழியே இறக்கிப் பாருங்கள். தராசு 19.85, 39.75, 59.60 என்று காட்டியதாக வைப்போம். 60 கிலோவில் 400 கிராம் குறைவு.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். கை துறுதுறுக்க உடனே தராசைச் சரிசெய்துவிட்டு, கொப்பியில் "சரி பார்த்தது, நல்லது" என்று எழுதிவிடுவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் இதுவே நடந்தது. தராசு பட்டணத்துக்குத் திருத்தப் போய், நன்றாக வேலை செய்யும் நிலையில் திரும்பி வந்தது. திருத்தியவர் முன்பு அது எவ்வளவு பிழையாகக் காட்டியது என்று எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்தப் போகத்தில் நெல் கொடுத்த குடும்பங்கள் தமக்குக் குறை நிறுத்ததாகச் சொன்னபோது, இல்லையென்று காட்டவும் வழியில்லை, ஆமென்று கணக்குப் பார்த்துக் கொடுக்கவும் வழியில்லை. ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள். ஒரு வரி எழுத்து அதைத் தடுத்திருக்கும்.

ஆகவே கருவியைத் தொடுமுன் கண்ட அளவை ஒரு நிரலிலும், சரிசெய்தபின் கண்ட அளவை அடுத்த நிரலிலும் எழுதுங்கள். சரிசெய்யத் தேவைப்படாவிட்டாலும் இரண்டாம் நிரலை வெறுமையாக விடாமல் "தொடவில்லை" என்று எழுதுங்கள். முத்திரையிட்ட தராசின் முத்திரையை உடைத்துச் சரிசெய்வது நமது வேலையல்ல என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு உரியவரை அழைத்து, மீண்டும் முத்திரை பெற வேண்டும்.

முதல் நிரலின் பெறுமதி பின்னோக்கிப் பார்க்கும்போது விளங்கும். முந்திய சரிபார்ப்பின் பிறகு இந்தத் தராசில் 60 கிலோ மூட்டைகள் 300 நிறுத்திருந்தால், 400 கிராம் வீதம் 120 கிலோ. புசல் கணக்கில் ஐந்தே முக்கால். ஆனால் பிழை முதல் நாளே வந்ததா, மெல்ல மெல்ல வளர்ந்ததா என்று தராசு சொல்லாது. ஆகவே 120 கிலோ என்பது அதிகபட்சம். அதற்குள் சபையார் கூடிப் பேசித் தீர்க்க வேண்டும். சரிபார்ப்பு அடிக்கடி நடந்தால் இந்தச் சச்சரவுக்கு உரிய மூட்டைகளின் தொகை குறையும். அறுவடை நாட்களில் காலையில் ஒரே ஒரு 20 கிலோ கல்லை வைத்துப் பார்த்து எழுத இரண்டு நிமிடம் போதும். அப்படிச் செய்தால் சந்தேகம் ஒரு நாளைய மூட்டைகளோடு நின்றுவிடும்.

ஈரமானி தராசைவிடக் கள்ளமானது. அதன் பிழை கண்ணுக்குத் தெரியாது. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் ஈர அளவு 14 வீதம். 18 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காய வைத்தால் 95.3 கிலோ மிஞ்சும் (100 ஐ 82 ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்கவும்). உண்மையில் 14 வீதமான நெல்லை மானி 16 என்று காட்டினால், நூறு கிலோவுக்கு 2.3 கிலோ வீதம் இல்லாத தண்ணீருக்காக நம்மிடம் கழிக்க இடமுண்டு. இதற்குப் படிக்கல் கிடையாது. ஒரே நெல்லைக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் கட்டி, அன்றைக்கே நம்பகமான வேறொரு மானி உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், இரண்டிலும் மும்மூன்று தடவை பார்த்து எழுதுங்கள். நன்றாகக் காய்ந்த நெல், அரைக் காய்ச்சல், ஈர நெல் என மூன்று மாதிரி இருந்தால் மேலும் நல்லது. சம்பாவா நாடா என்பதையும் எழுதுங்கள். பற்றரி மாற்றிய திகதியும் வேண்டும்.

தெளிகருவிக்குச் சுருக்கமான வழி உண்டு. 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம் கயிற்றால் அளந்து, வழக்கமான நடையில் வெறும் தண்ணீரை அடியுங்கள். குறைந்த தண்ணீரை 81 ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எவ்வளவு என்று வரும். 2 லீற்றர் என்றால் 162 லீற்றர், அதாவது 16 லீற்றர் தாங்கிக்குப் பத்துத் தாங்கி. நொசில் தேயத் தேய இது கூடும். புதிய நொசிலைவிடப் பத்து வீதம் கூடினால் நொசிலை மாற்றுங்கள். மருந்தடிப்பவர் மாறினால் நடையும் மாறும். ஆகவே அடித்தவர் பெயரையும் எழுத வேண்டும்.

இவ்வளவும் ஒரு சீ.ஆர். கொப்பியில் அடங்கும். நாலைந்து கருவிதான் என்றால் கொப்பியே போதும் என்பது எங்கள் எண்ணம். பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து முப்பது நாற்பது கருவிகள் ஆனபின், எது எப்போது தவணை என்று கொப்பியில் தேடுவது தலையிடி. அப்போது பராமரிப்பு மென்பொருள் உதவும். பண்ணைகளுக்கென்றே எழுதப்பட்ட பாம்ஓஎஸ் போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு. அதில் கருவி ஒரு சொத்தாகவும், அதற்குச் செய்த பராமரிப்பு திகதியிட்ட குறிப்பாகவும் பதியப்படும். சாதாரண அட்டவணை மென்பொருளிலும் தொடங்கலாம். எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான்.

ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதன் உடம்பில் பெயின்ரால் எழுதுங்கள். முதல் அட்டவணையில் கருவிக்கு ஒரு வரி: இலக்கம், வகை, இருக்கும் இடம், பொறுப்பாளர், ஏற்கத்தக்க பிழை எல்லை. இரண்டாம் அட்டவணையில் சரிபார்ப்புக்கு ஒரு வரி. பழைய வரியை ஒருபோதும் அழித்து மேலே எழுதக்கூடாது. இரண்டையும் இணைப்பது அந்த இலக்கமே. கண்ட அளவை எண்ணாக மட்டும் இடுங்கள். "59.60 கிலோ" என்று சொல்லோடு இட்டால் கணனி அதைக் கூட்டிக் கழிக்காது. திகதியை வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று பின்னால் வருபவர் தடுமாறுவார். பிழை எல்லையைச் சோதனைக்கு முன்பே முடிவுசெய்யுங்கள், சட்டம் விடும் எல்லையைவிட அகலமாக வைக்காதீர்கள். எல்லை தாண்டிய கருவியின் நிலை "பாவனைக்கு இல்லை" என்று மாற வேண்டும். தராசிலும் சிவப்புத் துணி கட்ட வேண்டும். கணனியில் மட்டும் சிவப்பு விழுந்து பயனில்லை.

பலரும் மறக்கும் ஒன்று: படிக்கற்களும் அந்தப் பட்டியலில் இலக்கத்தோடு இருக்க வேண்டும். அவற்றுக்கும் தவணை உண்டு. எந்தக் கல்லால் எந்தத் தராசைப் பார்த்தோம் என்று பதிந்திருந்தால், கல் பிழையென்று பின்பு தெரியவரும்போது எந்தத் தராசுகளை மீண்டும் பார்க்க வேண்டும் என்பது உடனே வரும்.

அடுத்த தவணையை மென்பொருள் இரண்டு விதமாகக் கணக்கிடும். கடைசியாகச் செய்த நாளிலிருந்து எண்ணுவது ஒன்று; நிலையான நாளொன்றை வைத்திருப்பது மற்றது. முதலாவதை எடுத்தால், ஒரு வருடம் மூன்று கிழமை பிந்தினால் அடுத்த வருடமும் பிந்தி, கடைசியில் தவணை அறுவடை நடுவில் வந்து நிற்கும். நமக்கு ஏற்றது நிலையான நாள். பெரும்போக, சிறுபோக அறுவடைகளுக்கு ஒரு மாதம் முந்தி வைத்துக்கொள்ளுங்கள். கருவியைப் பாவிப்பவரும் பதிவை முடித்து வைப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நல்லது. இது சந்தேகத்தால் அல்ல, இரு சாட்சி இருக்கட்டும் என்பதால்.

கடைசியாக, பிரதி. 1985இலும் 1990இலும் இந்த மாவட்டத்து ஊர்களை விட்டு ஓடியவர்களும், 2006இல் மூதூர் கிழக்கை விட்டு வெளியேறியவர்களும் காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் விட்டுவிட்டு வந்த கதை நமக்குப் புதிதல்ல. சங்கத்துக் கணக்குக் கொப்பிகளும் அப்படியே போயின. ஆகவே போகத்துக்கு ஒரு தடவை பதிவுகளை அச்சிட்டு, இருவர் கையொப்பமிட்டு, ஒரு பிரதி சங்கத்தில், இன்னொன்று வேறு ஊரில் ஓர் உறவுக்காரர் வீட்டில் இருக்கட்டும். பென் டிரைவ் ஒன்றும் அதோடு போகட்டும். கணனி இல்லாத சங்கங்கள் அறுவடைக்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவே: ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, முதற் பக்கத்தில் படிக்கற்களின் இலக்கங்களையும் முத்திரைத் திகதியையும் எழுதி, இரண்டாம் பக்கத்தில் நிரல்களைக் கீறிவிடுங்கள்.