கிளச் கண்ணுக்குத் தெரியாது, ஏத்தத்தில தெரியும்

இந்தக் கிழமை ஒலிபரப்பில கியர்பெட்டி எப்படி வேலை செய்யுது எண்டு கதைச்சம். கையால கியர் மாத்திற பாவிச்ச பிக்கப் ட்ரக் வாங்கப் போறவை கிளச்சை எப்படிச் சோதிக்கிறது எண்டு சொல்ல நேரம் காணேல்லை. அதை இந்த மடலில பாப்பம்.

மிசிசாகாவில புல்லு வெட்டுறது, ரெனோவேஷன், சினோ தள்ளுறது எண்டு சொந்தத் தொழில் தொடங்கிற கனபேருக்கு முதல் முதலீடே ஒரு பழைய ட்ரக்தான். அதில கிளச் தட்டு தனியப் பெரிய விலை இல்லை. ஆனால் அதைத் தொடக் கியர்பெட்டியையே கழட்டி இறக்க வேணும். நாலு சில்லும் இழுக்கிற ட்ரக் எண்டால் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து இறங்கும். பெரிய காசு கூலிக்குத்தான் போகும். ட்ரக் கராஜில நிக்கிற நாளில உழைப்பும் இல்லை.

கிளச் எப்படிப் பிடிக்குது? எஞ்சினோட சேர்ந்து சுத்திற ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில உராய்வுத் தட்டு இருக்குது. ஸ்பிரிங் விசை அதை இறுக்கிப் பிடிக்கும். தட்டுத் தேயத் தேயப் பிடியும் குறையும். எஞ்சின் தாற முறுக்கு விசை அந்தப் பிடியை மிஞ்சிற நேரம் கிளச் வழுக்கும். சோதனை முழுக்க இந்த ஒரு விஷயத்திலதான் நிக்குது.

கனபேர் செய்யிற சோதனை இது: ஹான்ட்பிரேக்கை இழுத்து, மூண்டாம் கியரைப் போட்டு, கிளச்சை விடுறது. எஞ்சின் நிண்டால் "கிளச் நல்லம்" எண்டு முடிவு. இது முழுக்கச் செத்த கிளச்சை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். ஐடிலில எஞ்சின் தாற விசை குறைவு. முக்கால்வாசி தேய்ஞ்ச கிளச்சும் அதைத் தாங்கிப் பிடிச்சிடும்.

சரியான சோதனை ஓட்டத்திலதான். முதல் ஒரு கால் மணித்தியாலம் ஓடிச் சூடாக்குங்கோ. பிறகு ஒரு ஏத்தத்துக்குப் போங்கோ. எங்கட ஊர் பெரும்பாலும் சமதரைதான். எரிண்டேல் பக்கம் கிரெடிட் ஆற்றைக் கடந்து டண்டாஸ் வீதி மேல ஏறிற இடம் போதும். பின்னால வாகனம் நெருக்காத நேரம், நாலாம் கியரில 50 கிலோமீட்டர் வேகத்தில வந்து, கிளச்சில இருந்து காலை முழுசா எடுத்துப்போட்டு, அக்ஸிலரேட்டரை நல்லா அமத்துங்கோ. ஆர்.பி.எம். முள்ளும் வேக முள்ளும் சேர்ந்து மெதுவா ஏற வேணும். ஆர்.பி.எம். மட்டும் துள்ளி ஏறி, வேகம் அப்படியே நிண்டால் கிளச் வழுக்குது. கருகல் மணமும் வந்தால் சந்தேகமே வேண்டாம். ஒண்டு ரெண்டு தரம் போதும். வழுக்கிற ஒவ்வொரு தரமும் தட்டு இன்னும் எரியும்.

பனிக்காலத்தில ஒரு கவனம். ஐஸில சில்லு சுத்தினாலும் ஆர்.பி.எம். ஏறும். ஆனால் அப்ப வேக முள்ளும் சேர்ந்து துள்ளும். குழப்பம் வேண்டாமெண்டால் காய்ஞ்ச றோட்டில பாருங்கோ.

மற்ற அறிகுறி எல்லாத்துக்கும் ஒரே காரணம் இல்லை:

கிளச்சை அமத்திச் சில விநாடி பொறுத்து ரிவேர்ஸ் போடேக்க கரகரத்தால், கிளச் முழுசா விலகேல்லை. எண்ணெய்க் கசிவு, காத்து ஏறினது எண்டு சின்னச் சிக்கலாகவும் இருக்கலாம்.

கிளச்சை அமத்தேக்க மட்டும் இரைச்சல் வந்தால் முதல் சந்தேகம் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில காலை எடுக்க இரைஞ்சு, அமத்த நிண்டால் கியர்பெட்டிக்குள்ள இருக்கிற பேரிங்.

புறப்படேக்க உதறினால் தட்டில எண்ணெய் பட்டிருக்கலாம். எஞ்சின் மவுண்டும் காரணமாகலாம்.

பெடல் மேல வந்து பிடிச்சால் தட்டு முடிஞ்சுது எண்டது கேபிள் காலத்துக் கணக்கு. ஹைட்ராலிக் கிளச் தேய்மானத்தைத் தானே ஈடுசெய்யும். பெடலை மட்டும் வைச்சு முடிவெடுக்காதேங்கோ.

கீழ குனிஞ்சும் பாருங்கோ. 2011 வரை வந்த ஃபோர்ட் ரேஞ்சரில கிளச்சின்ர ஸ்லேவ் சிலிண்டர் கியர்பெட்டி முன்கூட்டுக்குள்ளேயே இருக்குது. அந்தக் கூட்டின்ர அடியில பிரேக் எண்ணெய் ஈரம் தெரிஞ்சால், ஒரு சின்னச் சீலுக்காகக் கியர்பெட்டி இறங்கிற வேலை. பின்னால ட்ரெய்லர் ஹிட்ச், முன்னால சினோ பிளோ பூட்டின அடையாளம் இருந்தால் அந்தக் கிளச் கூடப் பாடுபட்டிருக்கும். "கிளச் புதுசு" எண்டு சொன்னால் பில்லைக் கேளுங்கோ. ரிலீஸ் பேரிங்கும் மாத்தினதோ, ஃப்ளைவீலைச் சீராக்கினதோ எண்டு அதில பாக்கலாம்.

பேப்பரை நம்பி இதை விடக்கூடாது. ஒன்டாரியோவில தனியாள் விக்கேக்க பாவித்த வாகனத் தகவல் பொதியைத் தரவேணும். அதில பழைய உரிமையாளர் விபரமும் கடன் இருக்கோ எண்டதும் தெரியும், கிளச் தெரியாது. சேஃப்டி சான்றிதழ் 36 நாளுக்குச் செல்லும்; அது அண்டைக்கு ட்ரக் குறைந்தபட்சத் தரத்தில இருந்தது எண்டதுக்குச் சாட்சி, நாளைக்கு உத்தரவாதம் இல்லை. டீலரிட்டை வாங்கினாலும், கையெழுத்து வைச்ச பிறகு மனம் மாறித் திருப்பிக் குடுக்கிற கால அவகாசம் இங்க சட்டத்தில இல்லை.

அதால கையெழுத்துக்கு முதலே ஏத்தத்தில ஏத்திப் பாருங்கோ. ஓட்டிப் பாக்க விடமாட்டன் எண்டு சொன்னால் விட்டுட்டு வாங்கோ. வழுக்கினால் உடன விடவும் வேண்டாம்: உங்கட மெக்கானிக்கிட்டை கூலியோட சேர்த்து ஒரு விலை கேட்டு, அதைக் கழிச்சுப் பேரம் பேசுங்கோ. மிச்சம் நல்லா இருக்கிற ட்ரக்குக்குக் கிளச் மாத்திறது நட்டம் இல்லை. தெரியாமல் மாத்த வேண்டி வாறதுதான் நட்டம்.

கேள்வி இருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. அடுத்த ஒலிபரப்பில எடுப்பம்.