அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் பாராமெடிக் படிப்பு: சேருமுன் கவனிக்க

● முதல் படி இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) வகுப்பு. பெரும்பாலும் ஒரே செமஸ்டரில் முடிந்துவிடும். அதன் பிறகுதான் பாராமெடிக். அது ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும். ஆம்புலன்ஸிலும் மருத்துவமனையிலும் நேரடிப் பயிற்சி உண்டு.

● சேருமுன் அந்தப் படிப்புக்கு சி.ஏ.ஏ.ஹெச்.இ.பி. என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரமோ, அதற்கான பரிசீலனை நிலையோ இல்லாத இடத்தில் படித்தால், அவசர மருத்துவப் பணியாளர்களுக்கான தேசியப் பதிவேட்டின் பாராமெடிக் தேர்வைப் பொதுவாக எழுத முடியாது.

● வெறும் சான்றிதழ் போதுமா, இரண்டாண்டு அசோசியேட் பட்டமும் வேண்டுமா என்று முன்பே முடிவு செய்யுங்கள். பட்டத்துக்கு இங்கிலீஷ் காம்போசிஷன் பாடம் அவசியம். மருத்துவமனைப் பயிற்சி தொடங்குமுன் அதை முடித்துவிட்டால் சுமை குறையும்.

● காம்போசிஷன் பாடம் தரும் எழுத்துப் பயிற்சியை அலட்சியம் செய்யாதீர்கள். வேலையில் ஒவ்வொரு நோயாளிக்கும் அறிக்கை எழுத வேண்டும்; டாக்டரும் படிப்பார், நீதிமன்றமும் கேட்கலாம். 'குடிபோதையில் இருந்தார்' என்று முடிவு கட்டாமல், 'பேச்சு குழறியது, நடை தள்ளாடியது, சர்க்கரை அளவு 48' என்று கண்டதை எழுதுங்கள். சர்க்கரை இறங்கினாலும் ஆள் அப்படித்தான் தெரிவார். சரியான ஒரு வரி உயிரைக் காக்கும்.

● பெரும்பாலான கல்லூரிகளில் ரைட்டிங் சென்டர் இலவசம். வகுப்புக் கட்டுரையின் முதல் வரைவை எழுதியதுமே எடுத்துப் போய்த் திருத்தம் கேளுங்கள்.

● அரசு கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.