சேட்டை செய்கிற பையன் எதை மறைக்கிறான்?

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுக்கும் நம் தம்பி தங்கைகள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, பிள்ளைங்க அடங்கவே மாட்டேங்கிறாங்க, என்ன செய்யிறது?" பதிலை நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

கோயில் மண்டபத்தில் எனக்கு 22 பிள்ளைகள். மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை எல்லாரும் ஒரே பாயில். அதில் ஐந்தாம் ஆண்டு பையன் ஒருவன். வெண்பலகையில் தேவாரத்தை எழுதி "வாசிங்க" என்றால் போதும், குரலை மாற்றிப் பேசுவான், பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான், "அண்ணா, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவான். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீ வாசிச்சாத்தான் இன்னிக்கு எல்லாருக்கும் மைலோ" என்று எல்லார் முன்னாலும் நிற்க வைத்தேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஏதோ கோமாளித்தனம் செய்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவனை வெளியே அனுப்பினேன்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மனசு கேட்காமல் வீட்டுக்குப் போனேன். பாட்டிதான் இருந்தார்.

"அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராதுப்பா. அதான் வகுப்புக்கு வேணாங்கிறான்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. 'வாசிக்கத் தெரியாதவன்' என்ற பெயரைவிட 'சேட்டைக்காரன்' என்ற பெயர் அவனுக்கு மேல். அவன் வயதில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

தமிழ் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு எங்கே சிக்கல் என்று அதன் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். 'கெ', 'கே', 'கை' எழுத்துகளில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, தேவாரத்தைச் சந்தியோடு சேர்த்து அச்சில் உள்ளபடியே எழுதிவிடுகிறோம். நான்கு சொல் ஒட்டிக்கொண்டு ஒரு நீளமான சொல்லாக நிற்கும். நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கே மூச்சு வாங்கும்.

அதனால் முறையை மாற்றினேன். முதலில் காது, பிறகுதான் கண். ஓதுவார்கள் குருவிடம் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்கிற வழி நமக்குப் புதிதில்லையே. வியாழக்கிழமையே பாடலைப் பாடிப் பதிவு செய்து பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுவேன். ஞாயிறு அன்று எல்லாரும் சேர்ந்து பாடியபின், பதம் பிரித்து எழுதிய பலகையைக் காட்டுவேன். வாசிப்பது இருவர் இருவராக, ஆறாம் ஆண்டோடு மூன்றாம் ஆண்டு, காதோடு காதாக. முன்னறிவிப்பு இல்லாமல் யாரையும் எழுப்பி வாசிக்கச் சொல்வதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

கேள்வி கேட்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மேரி பட் ரோவ் என்பவர் 1970களில் ஆரம்பப்பள்ளி வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். 3 விநாடி என்பது கேட்கச் சின்னது, நின்று பாருங்கள், யுகமாக இருக்கும்! நான் மனதுக்குள் மூன்று முறை 'நமசிவாய' சொல்லிவிட்டுத்தான் ஒரு பிள்ளையைப் பார்ப்பேன்.

ஜேக்கப் கூனின் என்ற இன்னோர் ஆய்வாளர் 1970இல் எழுதிய நூலையும் சொல்லியாக வேண்டும். சேட்டை நடந்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவர் கண்டார். வித்தியாசம் அதற்கு முன்னால்தான் இருக்கிறது. அதாவது, வகுப்பில் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரிகிறதா, பிள்ளைகள் கையில் வேலை இல்லாமல் காத்திருக்கிறார்களா என்பதில். நம் வகுப்புகளில் வருகைப் பதிவு எடுக்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் பாதிக் கூச்சல் பிறக்கிறது. இப்போது பிள்ளைகள் உள்ளே வந்ததும், போன வாரம் படித்ததில் நினைவிருக்கும் இரண்டு விஷயத்தைப் புத்தகம் பார்க்காமல் எழுத வேண்டும் அல்லது வரைய வேண்டும். நான் நடந்துகொண்டே வருகை எடுக்கிறேன். யாராவது கிள்ளிக்கொண்டால் முன்னால் நின்று பெயர் சொல்லிக் கத்துவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன், அவ்வளவுதான்.

எல்லாச் சேட்டைக்கும் வாசிப்புதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சில பிள்ளைகள் பசியாறாமலே வருகிறார்கள். மைலோவையும் பிஸ்கட்டையும் வகுப்பு முடிவிலிருந்து தொடக்கத்துக்கு மாற்றினோம். அதை மிரட்டலுக்குப் பயன்படுத்தியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு பிள்ளைக்கு வாசிப்பு ரொம்ப நாளாகவே வரவில்லை என்றால் நாமாக 'டிஸ்லெக்சியா' என்று பெயர் வைத்துவிடக் கூடாது, நாம் மருத்துவர் இல்லை. பெற்றோரைத் தனியாக அழைத்துப் பள்ளி ஆசிரியரிடம் பேசச் சொல்லலாம். அரசாங்க மருத்துவமனையில் பரிசோதிக்க வழி உண்டு. சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்புத் திட்டம் நடக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. அந்தப் பையனின் அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். பிறகு பள்ளிக்குப் போய் வந்தார்.

பையன்? பாட்டி வீட்டு வாசலிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "வாசிக்கச் சொல்ல மாட்டீங்கதானே?" என்றான். "நீயா கேக்குற வரைக்கும் சொல்ல மாட்டேன்" என்றேன். வந்தான். தண்ணி குடிக்க இன்னமும் எழுந்து போகிறான், ஆனால் திரும்பி வந்துவிடுகிறான். காதால் கேட்ட பாட்டை 22 பேரில் முதலில் மனனம் செய்வது அவன்தான் என்பது எனக்கே ஆச்சரியம். போன ஞாயிறு பக்கத்துப் பையனிடம் பலகையைக் காட்டி, "இது 'கோ'வா 'கே'வா?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கேட்காத மாதிரி நான் மார்க்கரைத் தேடிக்கொண்டிருந்தேன்.