நோட்டீசு யார் கண்ணுக்கு?

ஊரில் இலவசக் கண் சிகிச்சை முகாம். மகளிர் குழுப் பெண்கள் இருவர் நோட்டீசு அடிக்க அச்சகத்துக்குப் போனார்கள். அச்சகக்காரர் ஒரு மாதிரித் தாளைக் காட்டினார். சுற்றிலும் பூ வேலை. நடுவில் பெரிதாகத் தலைவர்களின் பெயர்கள். முகாம் நடக்கும் நாளும் இடமும் அடியில், எறும்பு ஊர்வதுபோல்.

"ஐயா, இதைப் படிக்க வேண்டியவர்களுக்கே கண் மங்கல். எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மூத்தவர்.

நல்ல கேள்வி. நம் நாட்டில் பார்வை இழப்புக்கு முதல் காரணம் கண்புரை. அறுவை செய்தால் பார்வை திரும்பும். இதற்கெனத் தேசியத் திட்டமே 1976-இல் தொடங்கியது. ஆனால் முகாம் நாள் தெரியாதவர் எப்படி வருவார்?

அச்சகக்காரர் கணினி முன் உட்கார்ந்தார்.

"எழுத்தின் அளவைப் பாயிண்ட் என்போம் அம்மா. 72 பாயிண்ட் ஓர் அங்குலம். அடியில் இருப்பது 9 பாயிண்ட். நாளையும் இடத்தையும் 36 ஆக்குகிறேன்."

அதாவது அரை அங்குலம்.

எழுத்தின் வடிவத்துக்கு ஃபாண்ட் என்று பெயர். சில ஃபாண்ட் வளைந்து நெளியும். கல்யாணப் பத்திரிகைக்கு அது அழகு. புதிதாகப் படிப்பவருக்குத் தொல்லை. 'ர' எது, துணைக்கால் எது என்று தடுமாறுவார். நேரான ஃபாண்டே நல்லது.

தடித்த எழுத்து போல்டு. எல்லாவற்றையும் போல்டாக்கினால் எதுவும் எடுப்பாகத் தெரியாது. நாளுக்கும் இடத்துக்கும் மட்டும் போதும்.

வரிகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். தமிழுக்கு இது மிகவும் முக்கியம். 'பு', 'சு' கீழே கால் நீட்டும். 'கீ', 'தீ' மேலே சுழிக்கும். வரிகள் நெருங்கினால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும்.

பூ வேலையை எடுத்ததும் இடம் கிடைத்தது. நான்கு ஓரமும் வெறுமையாக விட்டார். அது மார்ஜின்.

"தாள் என்ன நிறம்?"

"இரயில் நிலையத்தில் ஊர்ப் பெயர் எழுதிய பலகை போல, மஞ்சளில் கறுப்பு" என்றார் இளையவர். தூரத்திலிருந்தும் தெரியும் அல்லவா?

தலைவர்களின் பெயர்கள் அடிக்குப் போயின, 14 பாயிண்டில்.

அச்சடிக்கும் முன் சரிபார்க்கும் தாள் புரூஃப். மூத்தவர் எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தார். 'காலை 9 மணி' என்பது 'மாலை 9 மணி' என்று இருந்தது! திருத்தினார்கள். பிறகு, கண்புரை உள்ள ஒரு தாத்தாவிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். நாளையும் இடத்தையும் படித்துவிட்டார். பெயர்கள் தெரியவில்லை.

500 தாள் அடிக்கச் சொன்னார்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் தெருவில் ஒட்டியுள்ள ஒரு நோட்டீசைப் பத்தடி தள்ளி நின்று படியுங்கள். எது முதலில் தெரிகிறது? எது தெரிந்திருக்க வேண்டும்?