பேஸ்மேக்கர் எழுதிவைக்கும் குறிப்பு

கைப்பேசி சில வேளைகளில் உறைந்து நின்றுவிடுவதைக் கண்டவர்கள், நெஞ்சில் பொருத்திய பேஸ்மேக்கரும் அவ்வாறு நின்றுவிடுமோ என்று எங்களிடம் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. அதற்குள்ளும் ஒரு சிறு கணினியும் அதை இயக்கும் மென்பொருளும் உள்ளன. அவை தடுமாறுவது அரிது, ஆயினும் தடுமாறக்கூடும்.

அதற்கெனவே கருவிக்குள் காவல் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. மென்பொருள் குறித்த இடைவெளிகளில் அதனிடம் தன் இருப்பைத் தெரிவித்தாக வேண்டும். தவறினால், கடிகாரம் கருவியை மீளத் தொடங்கச் செய்யும். அப்போது நாங்கள் நோயாளிக்கென அமைத்த அளவுகள் விலகி, தயாரிப்பின்போதே பதித்துவைத்த எளிய அளவில், பல மாதிரிகளில் நிமிடத்திற்கு 65 என்ற வேகத்தில், இதயம் துடிக்கும்.

இங்கேதான் இக்கட்டு. மின்கலம் தீரும் தறுவாயிலும் சில மாதிரிகள் இதே 65-க்கு வந்து நிற்கும். ஈசிஜியை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. மின்கலம் தீர்ந்ததெனில் அறுவை செய்து கருவியை மாற்ற வேண்டும். தடுமாற்றமெனில் பெரும்பாலும் வெளியிலிருந்தே சில நிமிடங்களில் பழைய அளவுகளை மீட்கலாம். எது நேர்ந்தது என்பதை எங்களுக்குச் சொல்வது, கருவி தன் நினைவகத்தில் எழுதிவைத்த குறிப்பே.

தடுமாறிய கணினி எழுதியதை எவ்வாறு நம்புவது? மயங்கி விழுந்தவரிடமே விழுந்த விதத்தைக் கேட்பது போன்றது இது. ஆகவே இத்தகைய மென்பொருளை எழுதுவோர், விழும் கணத்தில் நீண்ட விவரம் எழுத முயல்வதில்லை. காரண எண், நேரம், எந்த வேலையின் நடுவே நின்றது என்பன மட்டும், மறுதொடக்கத்தால் அழியாத தனி இடத்தில் பதியப்படும். உடன் ஒரு சரிபார்ப்பு எண்ணும் இடப்படும். மீண்டபின் அந்த எண் பொருந்தினால்தான் குறிப்பு ஏற்கப்படும். துடிப்பு முதலில், எழுத்து அதன் பிறகே.

குறிப்பின் பொருள் விளங்காவிடில் அது இருந்தும் பயனில்லை. 1986-இல் அமெரிக்காவின் டைலர் நகரில், தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் திரை ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் காட்டியது. இயக்கியவர் தொடரும் விசையை அழுத்தினார். ஏற்கெனவே மிகை அளவுக்கு ஆளாகியிருந்த நோயாளி மீண்டும் கதிர்வீச்சுக்கு ஆளானார். சில மாதங்களில் இறந்தார்.

பேஸ்மேக்கரைத் தடுமாறச் செய்யும் காரணங்களுள் புற்றுநோய்க் கதிர்வீச்சு முக்கியமானது. 10 மெகாவோல்ட்டுக்கு மேற்பட்ட கதிர்களில் உண்டாகும் நியூட்ரான்கள் நினைவகத்தைக் குலைக்கக்கூடும். எனவே அச்சிகிச்சை தொடங்குமுன் இதய மருத்துவருக்கும் தெரிவியுங்கள். காரணமில்லாத அசதி, கழுத்தில் துடிப்பு, கருவி உள்ள இடத்துத் தசை வெட்டியிழுத்தல் ஆகியவை தோன்றினால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் வாருங்கள். வரும்போது பேஸ்மேக்கர் அட்டையைக் கொண்டுவருதல் அவசியம். அதிலுள்ள நிறுவனப் பெயரையும் மாதிரி எண்ணையும் கொண்டே அக்குறிப்பைப் படிக்க உரிய கருவியை நாங்கள் எடுத்துவைக்க இயலும்.